அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை

யூகேவுக்கு நர்ஸ் வேலைக்கு முயற்சி செய்கிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் என்னிடம் ஓஇடி நோட்ஸ் கேட்கிறார்கள். ஓஇடி என்பது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை. கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஆனால் என்னுடைய ஒரு வருடத்தையும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பணத்தையும் கொண்டுபோன விஷயம் அந்த நோட்ஸ் எதிலும் இல்லை. கோ, ஆஃப் என்று இரண்டு சின்ன வார்த்தைகள். தனித்தனியாக எல்கேஜி பிள்ளைக்கும் தெரிந்தவை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோச்சிங்கில் சொல்லவில்லை, காலேஜில் சொல்லவில்லை, கூட வேலை பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் நடந்ததை முதலில் இருந்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் வீடு கருங்கல் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. இந்தப் பக்கம் ஒரு தெருவில் நாலு வீடு எடுத்தால் அதில் ஒரு வீட்டிலாவது நர்ஸ் இருப்பாள். முன்பு எல்லாரும் வளைகுடாவுக்குப் போனார்கள், இப்போது யூகே, அயர்லாந்து என்று போகிறார்கள். நான் பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் இருந்தேன். சம்பளம் பதினேழாயிரம். அதில் மிச்சம் பிடித்துத்தான் மார்த்தாண்டத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். ஃபீஸ் இருபத்திரண்டாயிரம். நைட் டூட்டி முடித்து, பஸ்ஸில் தூங்கி, இறங்கி, வகுப்பில் உட்காருவேன்.

அங்கே ஐநூறு ஃப்ரேசல் வெர்ப், அதாவது ஆஃப், அவுட் மாதிரி ஒரு சின்ன வார்த்தை ஒட்டி அர்த்தம் மாறுகிற வினைகள், அடங்கிய ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் ஒரே ஒரு தமிழ் அர்த்தம். கோ ஆஃப் என்பதற்கு எதிரே ‘வெடித்தல்’ என்று இருந்தது. குண்டு வெடிக்கும்போது சொல்வது என்று நினைத்து மனப்பாடம் செய்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் குண்டு எதற்கு வெடிக்கப்போகிறது?

ஓஇடி நல்லபடியாகவே முடிந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: யூகேயில் நர்ஸ்களைப் பதிவு செய்கிற என்எம்சிக்கு, ஓஇடியில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு வேண்டும், ரைட்டிங்கில் சி ப்ளஸ் போதும். லிசனிங்கில் 42 கேள்வி, ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். எனக்கு நாலிலும் பி வந்தது. பரீட்சைக்கு முப்பதாயிரத்துக்கு மேல் ஆனது, அம்மாவின் வளையலை பேங்கில் வைத்துத்தான் கட்டினோம். அப்புறம் நர்சிங் அறிவைச் சோதிக்கிற சிபிடி என்கிற கம்ப்யூட்டர் பரீட்சைக்கு 83 பவுண்டு. அதுவும் பாஸ். இனி இன்டர்வியூ ஒரு சம்பிரதாயம்தான், சீக்கிரம் டிக்கெட் போடவேண்டியதுதான் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். நோட்டீஸ் பீரியடை முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது என்றும் சொன்னார்கள். வேலையை விட்டேன். இதை வாசிக்கிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆஃபர் லெட்டர், அதற்கப்புறம் விசாவுக்கு வேண்டிய ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட், இரண்டும் கைக்கு வராமல் இருக்கிற வேலையை விடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள். அதேபோல், வெளிநாட்டில் இருந்து நர்ஸ் எடுக்கும்போது வேலை தேடுகிறவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது யூகே அரசாங்கத்தின் நடைமுறை விதி. எந்த ஏஜென்சியாவது கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். என் ஏஜென்சி அந்த விஷயத்தில் நியாயமாக நடந்துகொண்டது.

இன்டர்வியூ வீடியோ காலில். நல்ல மழைக்காலம், கரண்ட் போய்விடுமோ என்று அப்பா பக்கத்து வீட்டில் இருந்து இன்வெர்ட்டர் லைன் இழுத்து வைத்திருந்தார். திரையில் மூன்று பேர். இரண்டு பெண்கள், ஒரு ஆண். மூவருமே மரியாதையாகப் பேசினார்கள். ஏன் நர்சிங், ஏன் யூகே, பேஷண்ட்டின் அந்தரங்கத்தை எப்படிக் காப்பாய் என்றெல்லாம் கேட்டார்கள், சொன்னேன். அப்புறம் கண்ணாடி போட்ட அந்த அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டார்: ‘யூ ஆர் டூயிங் யுவர் மெடிகேஷன் ரவுண்ட். எ மானிட்டர் அலாரம் கோஸ் ஆஃப் இன் தி நெக்ஸ்ட் பே. வாட் டூ யூ டூ?’

பே என்றால் வார்டில் நாலைந்து படுக்கை சேர்ந்த ஒரு பகுதி, அது எனக்குத் தெரியும். மெடிகேஷன் ரவுண்ட் என்றால் பேஷண்ட்களுக்கு வரிசையாக மருந்து கொடுத்துக்கொண்டே போவது, அதுவும் தெரியும். பக்கத்துப் பகுதியில் மானிட்டர் அலாரம் ஆஃப் ஆகிவிட்டது, என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள் என்றே என் மண்டையில் விழுந்தது. நிதானமாகப் பதில் சொன்னேன். பிளக் சரியாக இருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன், அலாரம் லிமிட்டை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பேன், பயோமெடிக்கல் ஆட்களுக்குச் சொல்வேன், வேறு மானிட்டர் கொண்டுவரச் சொல்வேன் என்றேன். கையில் இருக்கிற மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டுப் போவேன் என்று வேறு சேர்த்தேன். மருந்தைப் பாதியில் விடக்கூடாது என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்களே.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, ‘அண்ட் தி பேஷண்ட்?’ என்றார். வேறு மானிட்டர் மாட்டியதும் பேஷண்ட்டைப் பார்ப்பேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர் குனிந்து எதையோ எழுதினார். அதற்கப்புறம் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் முகம் மாறவே இல்லை, ஒரு மாதிரி சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற அம்மா, “என்ன மக்ளே, நல்லா சொன்னியா?” என்று கேட்டாள். நல்லா சொன்னேன் என்றுதான் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஏஜென்சிக்கு மெயில் வந்தது. பேஷண்ட் பாதுகாப்புக்கு முன்னுரிமை கொடுக்கத் தெரியவில்லை, இப்போதைக்கு எடுக்க முடியாது என்று இரண்டே வரி. மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். பணம் போனது வேதனைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். வட்டி ஏறிக்கொண்டே இருந்தது, விட்ட வேலையைத் திரும்பக் கேட்டால் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். மாசம் பதினேழாயிரம் நின்றது. ஆனால் அதைவிட அந்த இரண்டு வரிதான் என்னைக் கொன்றது. ஐசியூவில் அலாரம் அடித்தால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியவள் நான். என்னைப் பார்த்து பேஷண்ட் பாதுகாப்பு தெரியாது என்று ஒருவர் எழுதிவிட்டாரே என்று ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. சர்ச்சுக்குப் போனால் எப்போ கிளம்புறே என்று கேட்பார்கள் என்று போகாமல் இருந்தேன். நான் நல்ல நர்ஸே கிடையாதோ என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்திருந்தேன். இன்டர்வியூ முடிந்த கையோடு, கேட்ட கேள்விகளையெல்லாம் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நீங்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மறுநாள் எழுதினால் கேள்வி மாறிவிடும், நாம் புரிந்துகொண்டதைத்தான் எழுதுவோம். அந்த நோட்டு இல்லையென்றால் எனக்கு இன்றைக்கும் விஷயம் தெரிந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த என் பெரியப்பா மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது அந்த நோட்டை வாசித்துக் காட்டினேன். என் பதிலையும் சொன்னேன். அக்கா சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“ஏ பிள்ளே, அலாரம் கோஸ் ஆஃப்னா அலாரம் அடிக்குதுன்னு அர்த்தம்லா.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஆஃப் என்றால் எப்படி அக்கா அடிக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அக்கா சொல்லச் சொல்ல, அழுகை வந்தது. கோபமும் வந்தது. பக்கத்துப் பகுதியில் அலாரம் அடிக்கிறது, ஒரு மனுஷனுக்கு மூச்சோ துடிப்போ நிற்கப்போகிறது, அப்போது நான் பிளக்கைப் பார்ப்பேன், பேட்டரியைப் பார்ப்பேன், கையில் இருக்கிற மாத்திரையைக் கொடுத்து முடித்துவிட்டு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் எழுதியது நியாயம்தான். அந்தப் பதிலைக் கேட்டால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இது ஏன் நமக்கு வருகிறது என்று அப்புறம் நிறைய யோசித்தேன். நம்ம பேச்சில் ஆஃப் என்கிற வார்த்தைக்கு ஒரே குணம்தான். ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு, போன் ஸ்விட்ச் ஆஃப், டாக்டர் இன்னைக்கு ஆஃப், எனக்கு நாளைக்கு நைட் ஆஃப். எல்லாமே நிற்பது, இல்லாமல் இருப்பது. பிறந்ததில் இருந்து இப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு, ‘அலாரம் கோஸ் ஆஃப்’ என்றால் நின்றதாகத்தான் விழும். ஆங்கிலம் தெரியாதவருக்குக்கூட இந்தக் குழப்பம் வராது, அவர் புரியவில்லை என்று நிற்பார். ஆஃப் என்ற வார்த்தை ஏற்கெனவே நமக்குச் சொந்தமாகிவிட்டதால்தான், புரிந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு தவறான பக்கம் போகிறோம். அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

அக்கா இருந்த நாட்களில் கோ ஆஃப் ஒன்றை மட்டும் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் சொன்ன சூத்திரம் ஒன்றுதான்: கோ ஆஃப் என்பதைப் பார்க்காதே, அதற்கு முன்னால் நிற்கிறது யார் என்று பார். சத்தம் போடுகிற பொருள் முன்னால் வந்தால், சத்தம் போட்டது என்று அர்த்தம். அலாரம், பேஷண்ட் அமுக்குகிற கால் பெல், தீ எச்சரிக்கை மணி, பேஜர், காலையில் எழுப்புகிற போன் எல்லாம் இந்த வகை. துப்பாக்கி, பட்டாசு, வெடிகுண்டும் இதில்தான் சேரும், ஜெராக்ஸ் கட்டில் இருந்த அந்த ஒற்றை அர்த்தம் இதில் ஒரு மூலை. லைட், ஹீட்டர், கரண்ட் முன்னால் வந்தால், அணைந்துபோனது. அதாவது ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப் அண்ட் தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்று ஒரே மூச்சில் சொன்னால், லைட் அணைந்தது, அலாரம் அடிக்க ஆரம்பித்தது. ஒரே வினைச்சொல், நேர் எதிரான இரண்டு காரியம். இதை எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

பால், மீன், இறைச்சி, சாப்பாடு முன்னால் நின்றால், கெட்டுப்போனது. ‘தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்’ என்று பேஷண்ட் சொன்னால் பால் திரிஞ்சு போச்சு. இது பிரிட்டிஷ்காரர்கள் பேச்சு, அமெரிக்கர்கள் இதற்கு ‘கோ பேட்’ என்பார்கள். மருந்துக்கு இதைச் சொல்லாதே, தேதி முடிந்த மருந்துக்கு ‘அவுட் ஆஃப் டேட்’, ‘எக்ஸ்பயர்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா. கூட்டம், விழா, ஆபரேஷன் மாதிரி ஒரு நிகழ்ச்சி முன்னால் வந்து, பின்னால் ‘வெல்’ மாதிரி ஒரு வார்த்தையும் வந்தால், நல்லபடியாக நடந்து முடிந்தது.

மனுஷன் முன்னால் நின்றால்தான் கூடுதல் கவனம் வேண்டும், நர்ஸுக்கு முக்கியமான இடமும் இதுதான். பின்னால் இடம் வந்தால் கிளம்பிப் போனார்: ‘ஹீ ஹேஸ் கான் ஆஃப் டு தியேட்டர்’ என்றால் பேஷண்ட் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருக்கிறார், ‘எக்ஸ்ரே’ என்றால் எக்ஸ்ரேக்கு. பின்னால் டூட்டி வந்தால், டூட்டி முடிந்து கிளம்புகிறார். ராத்திரி டூட்டி மாற்றிக் கொடுக்கிற ஹேண்டோவரில் ‘ஷீ ஹேஸ் ஜஸ்ட் கான் ஆஃப்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னால், இப்போதுதான் கண் அசந்தார். பின்னால் ஒரு பொருளோ ஆளோ வந்தால், அதன் மேல் பிடிப்பு விட்டுப்போச்சு: ‘ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட்’ என்று வயசானவர் சொன்னால், சாப்பாடு கெட்டுப்போனதாக எடுத்துக்கொண்டு தட்டை மாற்றிக் கொடுக்கக் கூடாது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பசி செத்துவிட்டது என்கிறார். சார்ட்டில் எழுத வேண்டிய விஷயம் அது. ஓஇடி ஸ்பீக்கிங்கில் பேஷண்ட்டாக நடிப்பவர் இப்படிச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. இந்த அர்த்தத்தில் அந்தப் பொருள் எப்போதும் ஆஃப் என்பதற்குப் பின்னால்தான் வரும், நடுவில் நுழையாது.

இன்னொன்று எந்த ஜெராக்ஸிலும் கிடைக்காது, அக்கா வார்டில் கேட்டுப் பழகியது. ‘பெட் ஃபோர் இஸ் கோயிங் ஆஃப்’ என்று சீனியர் நர்ஸ் சொன்னால், நாலாம் படுக்கைக்காரர் எங்கேயும் கிளம்பவில்லை. அவர் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது, ஓடி வா என்கிறார். இது அவர்கள் ஆஸ்பத்திரிப் பேச்சு. அங்கே நியூஸ் டூ என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், துடிப்பு, வெப்பம், நினைவு எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கூட்டுவார்கள், மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் போனால் அவசரம். அந்த எண் ஏறுகிற ஆளைத்தான் ‘கோயிங் ஆஃப்’ என்கிறார்கள். ஒரு புது நர்ஸ் இதைக் கேட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகப்போகிறார் போல என்று பேப்பர் எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்டர்வியூ போனால் ஆறு மாதம்தான் போகும், இதில் உயிர் போகும்.

இவ்வளவையும் நான் எப்படி மனசில் நிறுத்தினேன் என்றால், நம்ம தமிழை வைத்துத்தான். கோ என்பது போ. நம்ம போவும் இதே மாதிரி மற்ற வினையோடு ஒட்டிக்கொண்டு இதே வேலைகளைச் செய்கிறது. பால் கெட்டுப்போச்சு, லைட் அணைஞ்சு போச்சு, பிள்ளை தூங்கிப்போச்சு, சோறு வெறுத்துப்போச்சு, ஆள் தளர்ந்து போனார். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் போ இருக்கிறது பாருங்கள். ஆக கோ ஆஃப் நமக்கு அந்நியமே இல்லை, முக்கால்வாசி ஏற்கெனவே நம்ம வாயில் இருக்கிறது. சத்தம் போடுகிற பொருள் மட்டும்தான் தமிழில் போகாது. அலாரம் அடிக்கும், மணி அடிக்கும், வெடி வெடிக்கும். அந்த ஒரு வகையைத் தனியாக எடுத்து மனசில் குறித்துக்கொண்டால் போதும். இந்த இரண்டு வரியை கோச்சிங்கில் யாராவது சொல்லியிருந்தால் அம்மாவின் வளையல் பேங்கில் இத்தனை மாதம் கிடந்திருக்காது.

அலாரத்தைப் பொறுத்தவரை மூன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும், தனித்தனியாகப் படித்தால் குழம்பும். அலாரம் அடித்தால் ‘கோ ஆஃப்’. யாராவது, எதுவாவது அதை அடிக்க வைத்தால் ‘செட் ஆஃப்’: பேஷண்ட் புரண்டு படுத்து சென்சார் கழன்று அலாரம் அடித்தால், ‘ஹீ செட் ஆஃப் தி அலாரம்’. அதை நிறுத்தினால் ‘டர்ன் ஆஃப்’. மூன்றிலும் ஆஃப் இருக்கிறது, நிறுத்துவது ஒன்றில் மட்டும்தான். வார்டில் தற்காலிகமாகச் சத்தத்தை அடக்குவதற்கு ‘சைலன்ஸ்’ என்பார்கள். பேஷண்ட்டைப் பார்க்காமல் சைலன்ஸ் அமுக்குவது பெரிய தவறு, இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். மயக்க மருந்தின் வேகம் குறைவதற்கு கோ ஆஃப் கிடையாது, ‘வேர் ஆஃப்’. இதையும் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வலி பற்றிய பேச்சில் அடிக்கடி வரும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் கோ ஆஃப் என்று எழுதியிருந்தால் கண்டுபிடித்துவிடுவோம். பிரிட்டிஷ்காரர்கள் பேசும்போது இரண்டு வார்த்தையாகவே வராது. ‘வென்டாஃப்’ என்று ஒட்டி வரும். ‘கோயிங் ஆஃப்’ என்பது ‘கோயினாஃப்’ மாதிரி கேட்கும். ‘கான் ஆஃப்’ என்பதில் உள்ள கான் என்பதை நம்ம பள்ளிக்கூடங்களில் கோன் என்று சொல்லிப் பழக்கியவர்கள் உண்டு, அதனால் அந்த ஊர்க்காரர்கள் ‘இட்ஸ் கானாஃப்’ என்று சொல்லும்போது நமக்கு ஏதோ ஒரு மருந்துப் பெயர் போலக் கேட்கிறது. நான் என்ன செய்தேன் என்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற கேம்பிரிட்ஜ் அகராதியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியிலும் உதாரண வாக்கியங்களை எடுத்து, அக்காவை அவள் பேசுகிற வேகத்திலேயே வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொன்னேன். அவள் டூட்டி முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது அனுப்புவாள், பின்னால் வண்டிச் சத்தமெல்லாம் கேட்கும். அது நல்லதாகப் போயிற்று. அமைதியான அறையில் பதிவு செய்த ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகினவளுக்கு, வார்டுச் சத்தத்துக்கு நடுவில் எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அகராதிகளில் சில அர்த்தத்துக்குப் பக்கத்தில் யூகே என்று அடையாளம் போட்டிருப்பார்கள். நீங்கள் போகிற நாட்டைப் பொறுத்து அதைப் பார்த்துப் படியுங்கள், அமெரிக்காவுக்குப் போகிறவளுக்கு பால் கெட்ட கதை தேவையில்லை.

நோட்டுப் போடுகிற முறையையும் மாற்றினேன். பழைய கட்டில் வினைச்சொல் இடது பக்கம், அர்த்தம் வலது பக்கம். என் நோட்டில் இடது பக்கம் பெயர்ச்சொல்தான்: அலாரம், லைட், பால், பேஷண்ட், வலி, காயம், சளி. வலது பக்கம் அந்தப் பொருள் என்னவெல்லாம் ‘ஆகும்’ என்று முழு வாக்கியமாக. அர்த்தம் என்று தனியாக எதுவும் எழுதவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு வினைச்சொல், அவ்வளவுதான். ஐநூறை மனப்பாடம் செய்த காலத்தில் பேசும்போது ஒன்றுகூட வாயில் வந்ததில்லை. இப்படிப் படித்த சொற்ப வினைகள் தூக்கத்தில் கேட்டாலும் வருகின்றன.

இடையில் வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். கேப் விழுந்தால் அடுத்த இன்டர்வியூவில் அதையும் கேட்பார்கள். ஓஇடி ரிசல்ட்டை என்எம்சி இரண்டு வருடத்துக்குத்தான் ஏற்றுக்கொள்ளும், அந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் கழிந்ததும் வேறொரு இடத்துக்கு விண்ணப்பித்தேன்.

இரண்டாவது இன்டர்வியூவில் கோ ஆஃப் வரவே இல்லை. எதற்கு அத்தனை தயாராகிப் போனேனோ அது வரவில்லை. ஒரு பேஷண்ட் மயங்கிக் கிடக்கிறார், பதில் இல்லை என்று ஒரு நிலைமையைச் சொல்லிவிட்டு, ‘ஹூ வுட் புட் அவுட் தி க்ராஷ் கால்?’ என்று கேட்டார்கள். புட் அவுட் என்றால் எனக்குத் தெரிந்தது தீயை அணைப்பது. மறுபடியும் அணைப்பதா என்று ஒரு கணம் வயிறு கலங்கிவிட்டது. ஆனால் அக்காவின் சூத்திரம் ஞாபகம் வந்தது, பொருளைப் பார். இங்கே பொருள் தீ கிடையாது, கால். அவசர அழைப்பை அணைப்பதாவது? அனுப்புவதாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் யூகத்தில் பதில் சொல்லவில்லை. ‘சாரி, டூ யூ மீன் ஹூ வுட் மேக் தி எமர்ஜென்சி கால்?’ என்று திருப்பிக் கேட்டேன். ‘யெஸ், எக்ஸாக்ட்லி’ என்றார்கள், முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. பேஷண்ட் பக்கத்திலேயே நான் நின்று மூச்சையும் துடிப்பையும் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவரை 2222 அடிக்கச் சொல்வேன், யாரும் இல்லையென்றால் எமர்ஜென்சி பெல்லை இழுப்பேன் என்று சொன்னேன். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் உள்ளே அவசரத்துக்கு அடிக்கிற எண் 2222, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கேட்பதற்கு நம்ம பிள்ளைகள் ரொம்பவே தயங்குகிறார்கள். ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். எனக்கும் முதல் இன்டர்வியூவில் அந்தப் பயம் இருந்தது என்றில்லை, புரியவில்லை என்றே எனக்குத் தெரியாது. அதனால் இப்போது நான் சொல்வது, புரிந்த மாதிரி இருந்தாலும் கேளுங்கள். குறிப்பாக அப், அவுட், ஆஃப், ஆன், டவுன் என்று முடிகிற வினை வந்து, அதை வைத்துத்தான் பதில் முழுக்க நிற்கிறது என்றால், உங்கள் வார்த்தையில் மாற்றிச் சொல்லிக் கேளுங்கள். அது மார்க்கைக் குறைக்காது. ஓஇடி ஸ்பீக்கிங்கிலேயே பேஷண்ட் சொன்னதைத் தெளிவுபடுத்திக்கொள்வது மதிப்பெண்ணுக்குரிய விஷயம்தான். வேலையிலும் வாய்மொழி ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறோம் அல்லவா, அதே பழக்கம்தான் இது. ரிப்பீட் ப்ளீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் அதே வாக்கியத்தை அதே வார்த்தையில் இன்னொரு தடவை சொல்வார்கள், நமக்கு அதே தவறான அர்த்தம்தான் இன்னொரு தடவை கேட்கும். ‘டூ யூ மீன்’ என்று ஆரம்பித்து நாம் புரிந்துகொண்டதைச் சொன்னால்தான் தவறு வெளியே வரும். அன்றைக்கு நான் ‘டூ யூ மீன் தி அலாரம் ஹேஸ் ஸ்டாப்ட்?’ என்று ஒரு வரி கேட்டிருந்தால், நோ நோ என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்டுக்குக் காத்திருக்கிறேன். இந்தத் தடவை வேலையை விடவில்லை. வளையலை இன்னும் மீட்கவில்லை, அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கருங்கல், புதுக்கடை, குழித்துறை பக்கத்தில் இருந்து சில பிள்ளைகள் வந்து கூடிப் படிக்கிறோம். பணம் எதுவும் இல்லை. இப்போது ‘பிரிங் அப்’ எடுத்திருக்கிறோம்: சளி என்றால் இருமித் துப்புவது, சாப்பாடு என்றால் வாந்தி, பிள்ளை என்றால் வளர்ப்பது, ஒரு விஷயம் என்றால் பேச்சில் எடுப்பது. அடுத்தது ‘கம் ரவுண்ட்’. வருகிறவர்கள் டூட்டியில் தாங்கள் பார்த்ததை வைத்து சொந்தமாக நாலு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தால் போதும், ஜெராக்ஸ் கட்டு வேண்டாம்.